215 வாக்கு முன்னிலை 312 வாக்குத் தோல்வியாக மாறியது எப்படி?

2008 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்த செனட் தேர்தலில், முதல் எண்ணிக்கை முடிந்தபோது, பதவியில் இருந்த குடியரசுக் கட்சியின் நார்ம் கோல்மன் 215 வாக்குகள் முன்னிலையில் இருந்தார். ஆனால் எட்டு மாதங்களுக்குப் பிறகு, அவரை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் அல் ஃப்ராங்கன் 312 வாக்கு வித்தியாசத்தில் வென்றவராகப் பதவியேற்றார். மறு எண்ணிக்கையில் ஒரு முடிவு இப்படித் தலைகீழாகுமா, இதில் தில்லுமுல்லு ஏதாவது நடந்ததா என்பது கேள்வி.

தில்லுமுல்லு நடந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் "மறு எண்ணிக்கையில் மாறியது" என்று சொல்வதும் பாதி உண்மைதான். அந்த எட்டு மாதங்களில் நடந்தவை மூன்று வெவ்வேறு வேலைகள்: கூட்டல் பிழைகளைத் திருத்தியது, ஏற்கெனவே எண்ணிய சீட்டுகளைக் கையால் மறுபடி எண்ணியது, அதுவரை பிரிக்கப்படாமலே தள்ளுபடி செய்யப்பட்ட தபால் வாக்கு உறைகளில் சிலவற்றைப் பிரித்தது. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சந்தேகம் வருகிறது.

முதலில் போட்டியாளர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோல்மன் செயிண்ட் பால் நகரின் மேயராக இருந்தவர். அந்தப் பதவியில் இருந்துகொண்டே 1996-ல் ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்கு மாறியவர். 2002-ல் அவர் எதிர்த்துப் போட்டியிட்ட செனட் உறுப்பினர் பால் வெல்ஸ்டோன், வாக்குப்பதிவுக்குப் பதினோரு நாட்களே இருந்த நிலையில் விமான விபத்தில் இறந்துபோனார். அவசரமாக அவருடைய இடத்தில் நிறுத்தப்பட்ட முன்னாள் துணை அதிபர் வால்ட்டர் மாண்டேலைத் தோற்கடித்துத்தான் கோல்மன் செனட்டுக்குப் போனார். ஃப்ராங்கன் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகளில் எழுதியும் நடித்தும் பெயர் பெற்றவர், வெல்ஸ்டோனுடன் பழகியவர். "கோமாளிக்கு செனட்டில் என்ன வேலை" என்ற கேள்வி பிரசாரம் முழுவதும் அவரைத் துரத்தியது. அதே தேர்தலில் பராக் ஒபாமா மினசோட்டாவில் ஏறத்தாழ பத்துச் சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் வென்றார். அந்த அலையிலும் ஃப்ராங்கன் திணறினார் என்றால் கட்சிக்கு விழுந்த வாக்கு அவருக்கு விழவில்லை என்றுதான் பொருள்.

மூன்றாவதாக டீன் பார்க்லி என்பவர் நின்றார். வெல்ஸ்டோன் இறந்தபின் எஞ்சிய இரண்டு மாதங்களுக்கு அந்த இடத்தில் அப்போதைய ஆளுநர் நியமித்து வைத்தது இவரைத்தான். இம்முறை அவர் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளை, அதாவது சுமார் 15 சதவீதத்தைப் பிரித்துக்கொண்டார். மீதியைக் கோல்மனும் ஃப்ராங்கனும் ஆளுக்குப் பன்னிரண்டு லட்சம் வீதம் எடுத்துக்கொண்டார்கள். இறுதிக் கணக்கில் ஃப்ராங்கனுக்கு 12,12,629, கோல்மனுக்கு 12,12,317.

வாக்குப்பதிவுக்கு மறுநாள் காலை கோல்மனின் முன்னிலை எழுநூற்றுச் சொச்சம். அவர் வெற்றியை அறிவித்ததோடு நிற்காமல், தாம் ஃப்ராங்கன் இடத்தில் இருந்தால் மறு எண்ணிக்கை கேட்காமல் ஒதுங்கிக்கொள்வேன் என்ற பொருள்படவும் பேசினார். பிற்பாடு மாதக்கணக்கில் நீதிமன்றம் ஏறியவர் அவரே என்பதால் இந்தப் பேச்சை அவருடைய எதிரிகள் மறக்கவே விடவில்லை. இதில் கோல்மனை மட்டும் குறை சொல்லவும் முடியாது. வித்தியாசம் வாக்குப்பதிவில் அரைச் சதவீதத்துக்குக் கீழே இருந்தால் செலவை அரசே ஏற்று மறு எண்ணிக்கை நடத்த வேண்டும் என்பது அப்போதைய மாநிலச் சட்டம். யாரும் கேட்டுப் பெற வேண்டிய அவசியமே இல்லை.

அந்த எழுநூற்றுச் சொச்சம் இரண்டே வாரத்தில் 215 ஆகக் குறைந்தது. சந்தேகத்தின் முதல் விதை இங்கேதான் விழுந்தது. ஆனால் இந்தக் கட்டத்தில் எந்த வாக்குச்சீட்டையும் யாரும் தொடவில்லை. தேர்தல் இரவில் களைத்துப்போன ஊழியர்கள் தொலைபேசியில் சொன்னதையும் கணினியில் தட்டியதையும், இயந்திரம் அச்சடித்துக் கொடுத்த நாடாவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பைன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஒரு வாக்குச்சாவடியில் ஃப்ராங்கனுக்கு விழுந்த 129 வாக்குகள் 29 என்று பதிவாகியிருந்தன. ஓர் இலக்கம் விட்டுப்போனதில் நூறு வாக்கு. இத்தகைய திருத்தம் எல்லாத் தேர்தலிலும் நடக்கிறது. வித்தியாசம் பத்தாயிரமாக இருந்தால் அதை ஒருவரும் கவனிப்பதில்லை.

நவம்பர் 19-ஆம் தேதி கையால் எண்ணும் வேலை தொடங்கியது. மினசோட்டாவில் வாக்காளர் தம் வேட்பாளரின் பெயருக்கு அருகில் உள்ள சிறிய நீள்வட்டத்தைப் பேனாவால் நிரப்ப வேண்டும். அதை இயந்திரம் ஒளியால் படிக்கும். நிரப்பாமல் வட்டமிட்டாலோ பெருக்கல் குறி போட்டாலோ அடிக்கோடிட்டாலோ இயந்திரத்துக்கு அது புரியாமல் போகலாம். மனிதக் கண்ணுக்குப் புரியும். வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் அந்த வாக்கை ஏற்க வேண்டும், தம்மை அடையாளம் காட்டும்படி பெயரோ கையொப்பமோ எழுதியிருந்தால் தள்ளிவிட வேண்டும் என்பது சட்டம். மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 29 லட்சம் சீட்டுகளை மேசைமேல் பரப்பி, இரு கட்சி முகவர்களும் பக்கத்தில் நிற்க, ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கினார்கள். முகவருக்கு ஒப்புதல் இல்லாத சீட்டை ஆட்சேபணை என்று தனியே எடுத்து வைத்தார்கள். இப்படி 6,600-க்கு மேல் சேர்ந்துவிட்டது. ஒரு தரப்பு ஆட்சேபணை சொன்னால் மறு தரப்பும் பதிலுக்குச் சொல்லும் போட்டியில், சந்தேகத்துக்கே இடமில்லாத நூற்றுக்கணக்கான சீட்டுகளும் அந்தக் குவியலுக்குப் போயின. டிசம்பர் தொடக்கத்தில் பத்திரிகைகள் "கோல்மன் 192 வாக்கு முன்னிலை" என்று எழுதியபோது, இந்தக் குவியலைக் கணக்கில் சேர்க்காமலேதான் எழுதின. அந்த எண்ணுக்கு உண்மையில் ஒரு பொருளும் இல்லை. ஆனால் பின்னால் "192 எங்கே போயிற்று" என்று கேட்டவர்களுக்கு அதுவே ஆதாரமாயிற்று.

இரு தரப்பும் தம் வீம்பான ஆட்சேபணைகளை விலக்கிக்கொண்ட பிறகு ஆயிரத்துச் சொச்சம் சீட்டுகள் மாநிலச் சரிபார்ப்பு வாரியத்தின் முன்னால் வந்தன. வாரியத்தில் ஐந்து பேர்: ஜனநாயகக் கட்சிக்காரரும் மாநிலத் தேர்தல்களுக்குப் பொறுப்பான மாநிலச் செயலருமான மார்க் ரிட்சி, மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி, அதே நீதிமன்றத்தின் இன்னொரு நீதிபதி, ராம்சி கவுண்டியின் இரண்டு நீதிபதிகள். உச்ச நீதிமன்றத்தைச் சேர்ந்த இருவரையும் நியமித்தவர் குடியரசுக் கட்சி ஆளுநர். இந்த அமர்வுகள் இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பாயின. சீட்டுகளின் படங்களைப் பத்திரிகைகள் வெளியிட்டு வாசகர்களையே தீர்ப்புச் சொல்லச் சொன்னதும் உண்டு. இவற்றில் உலகப் புகழ் பெற்றது பெல்ட்ராமி கவுண்டியிலிருந்து வந்த ஒரு சீட்டு. அதில் ஃப்ராங்கன் பெயருக்கு நேரே நீள்வட்டம் ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்தது; பட்டியலில் இல்லாத வேட்பாளரின் பெயரை எழுதுவதற்கென்று கீழே விடப்பட்ட கோட்டில் "பல்லி மனிதர்கள்" என்று எழுதப்பட்டிருந்தது. பல்லி மனிதர்கள் என்று யாரும் கிடையாது, ஆகவே இது ஃப்ராங்கனுக்கான வாக்குத்தான் என்று அவருடைய வழக்கறிஞர் வாதிட்டார். இருவரைத் தேர்ந்தெடுத்ததாகவே கொள்ள வேண்டும் என்று வாரியம் அதைத் தள்ளிவிட்டது. சிரிப்பு வருகிற விஷயம்தான். ஆனால் எழுதப்பட்ட பெயருக்கு ஆள் உண்டா இல்லையா என்று தேர்தல் அதிகாரி ஆராயத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்று யோசித்தால் வாரியம் சொன்னது சரியென்றே எனக்குப் படுகிறது.

இந்த வேலை முடிந்தபோது ஃப்ராங்கன் 49 வாக்கு முன்னிலைக்கு வந்திருந்தார். 215 பின்தங்கியவர் 49 முன்னேறினார் என்றால் 264 வாக்கு நகர்வு. 29 லட்சத்தில் இது பதினாயிரத்துக்கு ஒன்றைவிடக் குறைவு.

இந்த 49-ஐ நான் ஒருபோதும் உறுதியான எண்ணாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்குக் காரணம் மினியாபொலிஸ் நகரில் பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஒரு வாக்குச்சாவடி. ஒரு தேவாலயத்தில் நடந்த அந்த வாக்குப்பதிவின் சீட்டுகள் சில உறைகளில் கட்டி வைக்கப்பட்டிருந்தன. கையால் எண்ணும்போது ஓர் உறையைக் காணோம். அதில் 133 சீட்டுகள் இருந்தன என்பது இயந்திர நாடாவும் வாக்காளர் பதிவேடும் ஒத்துப்போனதிலிருந்து தெரிந்தது. சல்லடை போட்டுத் தேடியும் உறை கிடைக்கவில்லை. கடைசியில் வாரியம், அந்தச் சாவடிக்கு மட்டும் தேர்தல் இரவின் இயந்திரக் கணக்கையே எடுத்துக்கொண்டது. அப்படி எடுக்காமல் விட்டிருந்தால் ஃப்ராங்கனுக்கு நிகரமாக 46 வாக்குகள் போயிருக்கும். 49-இல் 46 போனால் மீதி மூன்று. மறுபக்கம், இயந்திரம் படிக்காத சேதமான சீட்டுக்குப் பதிலாகத் தேர்தல் இரவில் எழுதப்பட்ட நகலும், அதன் மூலமும் சேர்ந்து சில இடங்களில் இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டன, அப்படி நூற்றுக்கும் மேல் இருக்கும் என்று கோல்மன் தரப்பு சொன்னது. சீட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தத் தேர்தல் ஏறக்குறைய சமநிலை. அளவுகோலின் தடிமனைவிட அளக்கப்படும் பொருள் மெலிதாகிவிட்டது.

முடிவை நிலைநிறுத்தியவை உறைகள். அந்தத் தேர்தலில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் தபால் வழியாகவோ முன்கூட்டியோ வாக்களித்திருந்தார்கள். அவர்களில் 12,000 பேரளவில் அனுப்பிய வாக்குகள் பிரிக்கப்படாமலே தள்ளுபடியாயின. வாக்குச்சீட்டை இரகசிய உறையில் போட்டு, அதை இன்னோர் உறைக்குள் வைத்து, வெளியே கையெழுத்திட வேண்டும். சாட்சி ஒருவரும் கையெழுத்திட வேண்டும். அந்தச் சாட்சி மினசோட்டாவில் பதிவு பெற்ற வாக்காளராகவோ, நோட்டரி போன்று உறுதிமொழி வாங்கும் அதிகாரம் உள்ளவராகவோ இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் உள்ள கையெழுத்தும் உறைமேல் உள்ள கையெழுத்தும் ஒத்துப்போக வேண்டும். இதில் ஏதாவது ஒன்று பிசகினால் உறை மூடியபடியே ஒரு பெட்டிக்குள் போய்விடும்.

ஃப்ராங்கனின் ஆட்கள் தேர்தல் முடிந்த கையோடு இந்தப் பெட்டிகளைக் குறிவைத்துவிட்டார்கள். தவறாகத் தள்ளப்பட்ட வாக்காளர்களைத் தேடிப் பிடித்துப் பிரமாணப் பத்திரம் வாங்கினார்கள். கோல்மன் தரப்போ, முன்னிலையில் இருந்த துணிச்சலில், உறைகளைத் தொடவே கூடாது என்று எதிர்த்தது. என் கணிப்பில் இந்தத் தேர்தலின் திருப்புமுனை இதுதான். எண்ணும் மேசையில் நடந்த எதுவும் இதற்கு ஈடாகாது. முன்னிலையில் இருப்பவர் எண்ணிக்கையை நிறுத்தப் பார்ப்பார், பின்தங்கியவர் தொடரப் பார்ப்பார் என்பது எல்லா நாட்டுக்கும் பொது. ஆனால் முன்னிலை 215 தான் என்னும்போது, நிறுத்துவதற்காக இன்று எடுக்கிற நிலைப்பாடே நாளை தம் கையைக் கட்டிவிடும் என்பதை கோல்மனின் வழக்கறிஞர்கள் காலத்தில் உணரவில்லை.

தள்ளுபடியானவற்றில் ஏறத்தாழ 1,350 உறைகள் அதிகாரிகளின் பிழையால் தள்ளப்பட்டவை என்று கவுண்டி அலுவலகங்களே ஒப்புக்கொண்டன. அதிகாரியும் இரு வேட்பாளர் தரப்பும் ஒத்துக்கொள்ளும் உறைகளை மட்டும் பிரிக்கலாம் என்று டிசம்பர் 18-ல் மாநில உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இருவருக்கும் மறுப்புரிமை கிடைத்த இந்த ஏற்பாட்டை அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகளிலேயே சிலர் ஏற்கவில்லை. எனக்கும் இது உவப்பான ஏற்பாடாகத் தெரியவில்லை. ஒரு வாக்காளரின் வாக்கு செல்லுமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவரிடம் வாக்குக் கேட்டு நின்றவருக்கு ஏன் இருக்க வேண்டும்? எப்படியோ, 933 உறைகள் தேறின. 2009 ஜனவரி 3-ஆம் தேதி அவற்றைப் பிரித்து எண்ணியதில் ஃப்ராங்கனுக்கு நிகரமாக 176 வாக்குகள் கூடின. 49-உம் 176-உம் சேர்ந்து 225. ஜனவரி 5-ல் வாரியம் இந்த எண்ணையே உறுதிசெய்தது.

மறுநாளே கோல்மன் வழக்குப் போட்டார். விசாரித்தவர்கள் மூன்று நீதிபதிகள். மூவரையும் நியமித்த ஆளுநர்கள் மூன்று வெவ்வேறு கட்சிகளைச் சேர்ந்தவர்கள். உறைகளைத் தொடக் கூடாது என்று சொன்னவர் இப்போது ஆயிரக்கணக்கான உறைகளைப் பிரிக்கச் சொன்னார். அவருடைய வாதத்தில் சாரம் இல்லாமல் இல்லை: சில கவுண்டிகள் சாட்சி பதிவு பெற்ற வாக்காளரா என்று ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தன, வேறு சில கவுண்டிகள் அதைச் சட்டை செய்யவே இல்லை, ஆகவே ஓர் ஊரில் செல்லுபடியான அதே குறை இன்னோர் ஊரில் வாக்கைச் சாகடித்தது, இது சமத்துவம் ஆகுமா? நீதிபதிகள் இதற்குச் சொன்ன பதில், சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், ஊழியர்கள் சில இடங்களில் தளர்த்திவிட்டார்கள் என்பதற்காகச் சட்டத்தையே தளர்த்த முடியாது என்பது. தளர்வாக ஏற்கப்பட்ட வாக்குகளைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. உறையைவிட்டு வெளியே வந்து குவியலில் கலந்த சீட்டு யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. ஏழு வாரங்கள் சாட்சிகளை விசாரித்து, சட்டப்படி செல்லும் என்று நிரூபணமானவை என அவர்கள் தேர்ந்தெடுத்தவை வெறும் 351.

2009 ஏப்ரல் 7-ஆம் தேதி செயிண்ட் பாலில் நீதிமன்ற அறையிலேயே அந்த 351 உறைகளும் பிரிக்கப்பட்டன. ஃப்ராங்கனுக்கு 198, கோல்மனுக்கு 111, மற்றவர்களுக்கு 42. கோல்மன் போட்ட வழக்கில் பிரிக்கப்பட்ட உறைகளிலிருந்தே எதிராளிக்கு 87 வாக்குகள் கூடுதலாகக் கிடைத்தன. 225-உம் 87-உம் 312. கையால் எண்ணியதில் நகர்ந்தது 264 வாக்கு, உறைகளால் நகர்ந்தது 176-உம் 87-உம் சேர்த்து 263. இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் முதலாவது இல்லாமல் இரண்டாவது மட்டும் நடந்திருந்தாலும் ஃப்ராங்கன் 48 வாக்கில் வென்றிருப்பார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஜூன் 30-ல் மாநில உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துக் கோல்மனின் மேல்முறையீட்டைத் தள்ளினார்கள். சரிபார்ப்பு வாரியத்தில் இருந்த இருவரும் இந்த அமர்விலிருந்து விலகியிருந்தார்கள். அன்றே கோல்மன் தோல்வியை ஒப்புக்கொண்டார், குடியரசுக் கட்சி ஆளுநர் டிம் பாலென்ட்டி சான்றிதழில் கையெழுத்திட்டார். ஜூலை 7-ல் ஃப்ராங்கன் பதவியேற்றார்.

தில்லுமுல்லு பற்றிய கேள்விக்கு இப்போது வரலாம். மினியாபொலிஸில் ஒரு தேர்தல் அதிகாரியின் காருக்குள் 32 வாக்குகள் பல நாட்கள் கிடந்தன என்ற கதை இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது; அதற்கு ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. சிறைத் தண்டனைக் காலம் முழுதாக முடியாதவர்கள் வாக்களித்தார்கள் என்ற குற்றச்சாட்டு பிற்பாடு எழுந்தது. அப்படி வாக்களித்த சிலர் தண்டிக்கப்பட்டதும் உண்மை. ஆனால் அவர்கள் யாருக்கு வாக்களித்தார்கள் என்பது எவருக்கும் தெரியாது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, மாதக்கணக்கில் வழக்காடிய கோல்மன் தரப்பே மோசடி நடந்ததாக நீதிமன்றத்தில் வாதிடவில்லை என்பது. மேடையில் எதையும் சொல்லலாம். பிரமாணத்தின்மேல் சொல்லும்போது வாய் தானாக அடக்கமாகிவிடுகிறது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதைப் படிக்கும்போது 2016-ல் இராதாபுரம் நினைவுக்கு வராமல் இருக்காது. அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்கில் வென்றார். தள்ளுபடியான தபால் வாக்குகளே அங்கும் பிரச்சினை. அவற்றில் சான்றொப்பம் இட்ட தலைமையாசிரியருக்கு அந்தத் தகுதி உண்டா என்பது வாதம். மினசோட்டாவின் சாட்சிக் கையெழுத்துச் சிக்கலின் அண்ணன் தம்பி இது. ஆனால் சட்டம் வேறு. நம் ஊரில் வென்றதாக அறிவிக்கப்பட்டவர் உறுப்பினராகிவிடுவார், வழக்கு தனியே நடக்கும். 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு மறு எண்ணிக்கை நடந்தும், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது; சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துவிட்டது. மினசோட்டாவில் வழக்கு முடியும்வரை சான்றிதழே கிடையாது. எனவே ஜனவரி தொடங்கி ஜூலை வரை ஒரு மாநிலத்தின் இரண்டு செனட் இடங்களில் ஒன்று காலியாகக் கிடந்தது. இரண்டுமே குறையுள்ள முறைகள்தான். எனினும் தவறானவர் ஐந்தாண்டு உட்கார்ந்திருக்கும் அபாயத்தைவிட ஆறு மாதம் நாற்காலி வெறுமையாக இருப்பது மேல் என்பது என் கட்சி.

அந்த வெறுமைக்கும் விலை இருந்தது. ஏப்ரல் இறுதியில் பென்சில்வேனியாவின் ஆர்லன் ஸ்பெக்டர் கட்சி மாறியதால், ஃப்ராங்கன் வந்தால் ஜனநாயகக் கட்சியின் அணிக்கு 60 பேர் என்றாயிற்று; செனட்டில் எதிர்க்கட்சி பேசிப் பேசியே மசோதாவை முடக்குவதை நிறுத்த வேண்டிய எண்ணிக்கை அது. 2009 டிசம்பர் 24-ல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதா செனட்டில் 60-க்கு 39 என்று நிறைவேறியது. கோல்மன் கடைசிவரை வழக்காடியதற்கும் அவர் கட்சி அதற்குப் பணம் திரட்டியதற்கும் இந்தக் கணக்கு ஒரு காரணம்.

மினசோட்டா சட்டமன்றம் 2010-ல் தபால் வாக்கு விதிகளைத் திருத்தியது. உறைமேல் உள்ள கையெழுத்தைக் கண்ணால் ஒப்பிடுவதற்குப் பதிலாக, ஓட்டுநர் உரிம எண் போன்ற அடையாள எண்களை ஒப்பிடும் முறை வந்தது. அதே ஆண்டு நவம்பரில் நடந்த ஆளுநர் தேர்தலில் வித்தியாசம் 8,770 வாக்குகள். அதுவும் அரைச் சதவீதத்துக்குக் கீழே என்பதால் சட்டப்படி மறுபடி எண்ணினார்கள். டிசம்பர் 8-ஆம் தேதி தோற்றவர் ஒப்புக்கொண்டார், முடிவை எதிர்த்து வழக்குப் போடவில்லை.